மொரப்பூர் விமானத்தின் இடது கால்

உடைந்த இரும்பைப் பார்ப்பதற்காகத்தான் நான் மலேசியாவின் ஈப்போவிலிருந்து தருமபுரி மாவட்டத்துக்குப் போனேன். சொந்தக்காரர் கல்யாணம் இல்லை, கோயில் வேண்டுதல் இல்லை, பட்டுப்புடவை வாங்குகிற எண்ணமும் இல்லை. என் அக்கா காரணத்தைக் கேட்டுவிட்டு, "ஐம்பத்தைந்து வயதில் உனக்குப் புத்தி கழன்றுவிட்டது" என்று போனை வைத்துவிட்டாள்.

ஈப்போவில் ஒரு சின்னப் பறக்கும் கிளப்பில் இருபத்தாறு வருடமாக விமானங்களைப் பழுது பார்க்கிறேன். இரண்டு பேர், நான்கு பேர் உட்காருகிற குட்டி விமானங்கள். சில பேர் சாமான்களை வாங்கி வந்து, வீட்டுக் கொட்டகையிலேயே தங்கள் கையால் கட்டிக்கொள்வார்கள். அப்படிக் கட்டியவற்றில் முதலில் மக்கர் பண்ணுவது பெரும்பாலும் கால்கள்தான். விமானத்தின் வயிற்றிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இரும்புகளைச் சொல்கிறேன். அவற்றைப் பற்றித் தமிழில் பேசி, போனில் வீடியோ எடுத்துப் போடுவது என் பொழுதுபோக்கு. பார்ப்பவர்கள் இருபது பேர் இருந்தால் அதிகம்.

அந்த இருபது பேரில் ஒருத்தி தீபிகா. தருமபுரியில் கல்லூரியில் படிக்கும் பெண். "ஆன்ட்டி, எங்கப்பா ஒரு ஏரோப்பிளேன் கட்டியிருக்காரு. இடது கால் மட்டும் ஒடைஞ்சிகிட்டே இருக்குது. ஏன்னு சொல்றீங்களா?" என்று எழுதி, ஒரு படமும் அனுப்பியிருந்தாள். கடலைக்காய் பிடுங்கிய காட்டில் ஒரு வெள்ளை விமானம், முட்டி மடங்கிய மாடு மாதிரி இடது பக்கம் சாய்ந்து கிடந்தது. மூன்று முறை உடைந்ததாம். மூன்று முறையும் இடது கால். வலது கால் ஒருமுறைகூட இல்லை.

இதற்கு மேல் என்னால் ஈப்போவில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. உடைந்த துண்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள், நான் வருகிறேன் என்று எழுதினேன்.

மொரப்பூரில் ரயில் நின்ற நேரத்தில் ஒரு கொட்டாவிகூட முழுதாக விட முடியாது. என் ஸ்பானர் பை பதினெட்டு கிலோ. யாரோ ஒருவர் அதை ஒரு கதவு வழியாக இறக்கிவிட்டார். என்னை ஒரு கூட்டம் இன்னொரு கதவு வழியாக இறக்கிவிட்டது. நானும் பையும் பிளாட்பாரத்தின் இரண்டு கோடியில் நின்றோம். ஓடிப்போய்ப் பார்த்தால், முன்பின் தெரியாத ஒருவர் அதன் மேல் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"இதுல இன்னாங்க இருக்குது? அம்மிக்கல்லா?" என்றார்.

ஸ்பானர்கள் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "பஞ்சர் கடை வெக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

தீபிகாவின் அப்பா மாதையன் டிராக்டரில் வந்தார். நாற்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, வெல்டிங் பொறி பட்ட கைகள். மொரப்பூரில் டிராக்டர் டிரெய்லர் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். டிராக்டரின் மட்கார்டில் என்னை உட்காரச் சொன்னார். எங்கள் ஊரில் இப்படி உட்கார்ந்து போனால் சம்மன் வரும். இங்கே எதிரில் வந்தவர்கள் எல்லோரும் எனக்கு வணக்கம் வைத்தார்கள்.

"எல்லாம் ரெடியா வெச்சிருக்கேங்க அக்கா. நீங்க வர்றீங்கன்னு ரெண்டு நாளா அதே வேலைதான்" என்றார்.

பட்டறையில் மேசை மேல் பச்சைத் துண்டு விரித்திருந்தது. அதன் மேல் உடைந்த கால்களின் ஐந்து துண்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாம் வெள்ளி நிறத்தில் பளபளத்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். முறிந்த முனைகளை கிரைண்டரில் வழவழப்பாகத் தேய்த்து, அதற்கும் பெயிண்ட் அடித்திருந்தார்கள். இரண்டு கோட்டிங்.

பையைக் கீழே வைத்தேன். பிறகு நானும் பை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உடைந்த இரும்பில் நமக்கு வேண்டியது அந்த முறிந்த முகம் மட்டும்தான். மெல்ல மெல்ல விரிசல் வளர்ந்து உடைந்ததா, ஒரே அடியில் முறிந்ததா, எந்த மூலையில் தொடங்கியது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதைத் தொடக்கூடாது, துடைக்கக்கூடாது. பிணத்தைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, பவுடரும் போட்டுவிட்டு, எப்படிச் செத்தார் என்று டாக்டரைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? இதையெல்லாம் நான் சத்தமாகவே சொன்னேன். பதினெட்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு வந்தவளின் கோபம் அது.

மாதையனின் முகம் விழுந்துவிட்டது. "முனை கூரா இருந்துச்சிங்க. உங்க கைய கிழிச்சிடுமேன்னு ஒரு ஓட்டு ஓட்டினேன்" என்றார். இரும்புகளை வரிசையாக நேராக்கிக்கொண்டே, "பட்டறைக்குள்ள வந்த இரும்பு பெயிண்ட் இல்லாம இன்னொருத்தர் கைக்குப் போனா எங்களுக்கு அசிங்கங்க அக்கா" என்றார்.

என்மேல் வைத்த மரியாதையால்தான் தடயம் எல்லாம் போனது. அதற்கு மேல் எப்படித் திட்டுவது?

மதியம் அவர் வீட்டில் களி. மாதையனின் மனைவி கோகிலா அரசுப் பள்ளி ஆசிரியை. நான் வருவதால் அன்று லீவு போட்டிருந்தார். நான் கேழ்வரகுக் களியை மென்றுகொண்டே இருந்ததைப் பார்த்து, "மெல்லாதீங்க மேடம். கீரைக் கொழம்புல தொட்டு அப்பிடியே முழுங்கிடுங்க" என்றார். முழுங்கினேன். மூன்றாவது உருண்டையில் பழகிவிட்டது. எங்கள் ஊரில் காலையில் ரொட்டி சானாய், மதியம் நாசி லெமாக் என்று எண்ணெயில் மிதந்த வயிற்றுக்கு அது மருந்து மாதிரி இருந்தது. வெயில் எரித்த நேரத்திலும் பசியே எடுக்காமல் சாயங்காலம் வரை நின்றது.

மாதையன் கை கழுவப் போனதும் கோகிலா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். நீங்க பாத்து சரியா இருக்குதுன்னு எழுதிக் குடுத்தா, அத வெச்சி கவர்மெண்டு அனுமதிக்குப் போடறேங்கறாரு. அது வர்ற வரைக்கும் தரையிலதான் ஓட்டுவேன், மேல போக மாட்டேன்னு எனக்கு வாக்கு குடுத்திருக்காரு. ஆறு வருசமா அதுமேலயே கண்ணு. அவரு மூஞ்சியப் பாத்து எரக்கப்பட்டு சரின்னு எழுதிடாதீங்க. அந்த ஆளு ஒண்ணு, இந்தப் புள்ள ஒண்ணு, அவ்வளவுதான் எனக்கு."

எழுதமாட்டேன் என்று சொன்னேன். ஆனால் எதைப் பார்த்து எழுதுவது, எதைப் பார்த்து எழுதாமல் இருப்பது? ஐந்து துண்டுக்கும்தான் பவுடர் போட்டாயிற்றே.

அந்தக் கணக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று முறை உடைந்தால் ஆறு துண்டு இருக்க வேண்டும். ஆறாவது எங்கே?

"அது பாலக்கோட்டுல எங்கண்ணங்கிட்ட இருக்குது" என்றார் கோகிலா. "மொத தடவ ஒடைஞ்சப்பவே கேட்டு வாங்கிட்டுப் போய்ட்டாரு."

"பெயிண்ட்?"

"அப்ப அடிக்கலைங்க."

அடுத்த நாள் காலையில் நானும் மாதையனும் பாலக்கோட்டுக்குக் கிளம்பினோம். தருமபுரியில் பஸ் மாறினோம். பாதி வழியில் பின்சக்கரம் காற்றிறங்கி அந்த பஸ் நின்றது. எங்கள் ஊராக இருந்தால் எல்லோரும் இறங்கி, தனித்தனியாக போனைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இங்கே பத்து நிமிஷத்தில் ஒருவர் ஜாக்கிக்குக் கல் வைத்தார், ஒருவர் ஓட்டுநருக்கு யோசனை சொன்னார், ஒரு அம்மா எனக்குக் கொய்யாக்காய் நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் வைத்துக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு விவசாயி போனில் கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று மாதையனைக் கேட்டேன்.

"தக்காளிய ஏத்தாத, வண்டி வாடகைக்கே பத்தாது, மாட்டுக்குப் போட்டுடு. மாடு திங்கலன்னா நீயே தின்னுன்னு தம்பியத் திட்டறாருங்க."

பாலக்கோட்டு மண்டியில் எங்கே பார்த்தாலும் தக்காளி. பிளாஸ்டிக் கிரேடு பெட்டிகளில் அடுக்கியது, உருண்டு ஓடியது, செருப்பில் நசுங்கியது. காற்றே புளித்தது. கோகிலாவின் அண்ணன் முனிராஜ் அங்கே கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க, மேசையில் பில் கட்டின் மேல் ஒரு இரும்புத் துண்டு வைத்திருந்தார். துருப்பிடித்த, பெயிண்ட் படாத, அழகான இரும்பு. எனக்கு அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

"எம்பேரு போட்ட துண்டுங்க அது" என்று எடுத்துக் கொடுத்தார்.

திருப்பினேன். அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதியிருந்தது. 'உபயம்: பாலக்கோடு முனி' வரை இருந்தது. அதோடு இரும்பு முறிந்திருந்தது.

பூதக்கண்ணாடியை எடுத்து முறிந்த முகத்தைப் பார்த்தேன். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியுமே, அந்த மாதிரி வளைய வளையமாகக் கோடுகள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் விரிசல் ஒரு மயிரிழை வளர்ந்த அடையாளம். வளையங்களின் நடுவைத் தேடிக்கொண்டே போனால், அது கடைசி எழுத்துக்காகக் குத்திய குழியில் போய் முடிந்தது.

"இதில் யார் பேர் வெட்டினது?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"நாந்தாங்க" என்றார் மாதையன். "மச்சான் தன்னோட பழைய டெம்போ ஸ்பிரிங் பட்டைய குடுத்தாரு. பாத்திரக்கடையில பேரு வெட்டற மிஷினு ஒண்ணு பழசா கெடைச்சிது. மேல வெட்டினா அழகு கெட்டுடும்னு, பாத்திரத்துக்கு வெட்டற மாதிரி அடியில வெட்டிட்டேன்."

"மூன்று காலிலும்?"

"மூணும் மச்சான் குடுத்த பட்டைதானுங்களே. பேரு போடாம எப்பிடி?"

"வலது கால்?"

"அது நானே வாங்கினதுங்க. சொந்த சாமானுக்கு எதுக்குங்க பேரு?"

அங்கேயே ஒரு தக்காளிக் கிரேடு மேல் உட்கார்ந்தேன். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ காரணங்களால் கால் உடைந்து பார்த்திருக்கிறேன். தவறான போல்ட், உப்புக்காற்றில் துரு, முட்டாள்தனமாகத் தரையிறக்கியது. உபயக்காரர் பேர் உடைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கோயிலிலும் மின்விசிறி இறக்கையில் உபயம் எழுதியிருக்கும். படிப்பதற்காக விசிறியை நிறுத்தச் சொல்வார்கள். வேர்க்கும், அவ்வளவுதான். யாரும் சாகமாட்டார்கள்.

அவர்கள் இருவருக்கும் விளக்கினேன். ஸ்பிரிங் இரும்பு வளைந்து வளைந்து நிமிர வேண்டியது. அதன் தோலில் ஒரு கீறலும் இருக்கக்கூடாது. சக்கரம் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் காலின் அடிப்பக்கம்தான் இழுபடும். அந்த இடமாகப் பார்த்து வரிசையாகக் குழி குத்தினால், துணியைக் கிழிப்பதற்கு முன் பல்லால் கடித்துக் கொடுப்பது போலத்தான்.

முனிராஜுக்கு இது பிடிக்கவில்லை. "அப்ப எம்பேராலதான் ஒடைஞ்சிதுங்கறீங்களா?"

"பேரால் இல்லை. பேரை வெட்டியதால்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே" என்றார். ஆனாலும் ஒரு கிரேடு தக்காளியை என் காலடியில் வைத்து, ஈப்போவுக்குக் கொண்டுபோகச் சொன்னார். நான் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரே சந்தோஷம். வந்த வேலை இரண்டாவது நாளே முடிந்துவிட்டது. பேர் வெட்டாத ஒரு பட்டையைப் போட்டால் கால் நிற்கும். மடியில் தக்காளி, கையில் இரும்புத் துண்டு, வாயில் பஸ் ஸ்டாண்டு போண்டா. மாதையனும் சிரித்துக்கொண்டே வந்தார். பேச்சு வாக்கில், உங்கள் மச்சான் நல்ல மனிதர், வேறு என்ன கொடுத்தார் என்று கேட்டேன்.

"இடப்பக்கம் பூராவே மச்சான் உபயந்தாங்க அக்கா" என்றார் பெருமையாக. "எதையும் விடல. எல்லாத்துலயும் பேரு வெட்டியிருக்கேன்."

கடித்த போண்டாவைக் காகிதத்திலேயே திரும்ப வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் காட்டுக்குப் போனோம். சனிக்கிழமை என்பதால் கோகிலாவும் தீபிகாவும் வந்திருந்தார்கள். கடலைக்காய் பிடுங்கி உருளை ஓட்டி இறுக்கிய நீளத் தரை. ஓரத்தில் தகரக் கொட்டகை. அதற்குள் விமானம்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அது அழகாக இருந்தது. டிரெய்லர் கட்டுகிறவர் கட்டியது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தலைக்கு மேல் இறக்கை, துணி இழுத்துக் கட்டிய உடம்பு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை. வெல்டிங் ஒவ்வொன்றும் எண்ணி வைத்த மாதிரி. நான்காவது முறையாகப் போட்ட இடது காலின் அடியில் படுத்துப் பார்த்தேன். முனிராஜ் பேர் அங்கேயும் இருந்தது. அது எனக்குத் தெரிந்ததுதான். நான் தேடி வந்தது வேறு.

இந்த மாதிரி விமானத்தில் இறக்கையின் நடுவிலிருந்து உடம்பின் அடிக்கு ஒரு சாய்வுக் குழாய் வரும். அந்தக் குழாய்தான் இறக்கையைப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் கீழ்முனையில் ஒரு இரும்புக் காது, காதில் ஒரு ஓட்டை, ஓட்டையில் ஒரே ஒரு போல்ட். கால் உடைந்தால் விமானம் சாயும், முட்டி சிராய்க்கும், அவ்வளவோடு போகும். அந்தக் காது உடைந்தால் இறக்கை மடங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு பழுது பார்க்க எதுவும் இருக்காது.

இடது காதில், ஓட்டையை ஒட்டி, 'உபயம்' என்று ஆரம்பித்திருந்தது.

விரிசல் கண்டுபிடிக்கும் மருந்து டப்பாக்களைப் பயணிகள் விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள். டிராக்டரிலிருந்து ஒரு டம்ளர் டீசல் கேட்டேன். கோகிலாவிடம் சாக்பீஸ் இருக்கிறதா என்றேன். கைப்பையில் எப்போதும் இருக்கும் என்று நான்கு எடுத்துக் கொடுத்தார். அவரே கல்லில் வைத்து மாவாக நுணுக்கினார். காதின் பெயிண்டைத் தின்னர் போட்டு நீக்கி, டீசலில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தேன். விரிசல் இருந்தால் டீசல் அதற்குள் இறங்கும். அரை மணி நேரம் கழித்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் மாவைத் தூவினேன். உள்ளே டீசல் இருந்தால் அது கசிந்து மாவை நனைக்கும்.

எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். காது வெள்ளையாக இருந்தது. வெள்ளையாகவே இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"இது இன்னாங்க மேடம், கோடு?" என்றார் கோகிலா.

எழுத்திலிருந்து ஓட்டை வரை, தலைமுடி மாதிரி ஒரு ஈரக் கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. ஓட்டையின் மறுபக்கத்திலும் குட்டியாக ஒன்று தொடங்கியிருந்தது.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். அதைக் கண்ணில் வைப்பதற்குள் இன்னொன்று மண்டையில் உறைத்தது.

விமானம் தரையில் நிற்கும்போது, ஓடும்போது, இறக்கையின் எடை அந்தக் குழாயை அமுக்கும். அமுங்குகிற இரும்பில் இப்படி விரிசல் வளராது. வளர வேண்டுமானால் இழுக்க வேண்டும். இறக்கை அந்தக் குழாயை இழுப்பது ஒரே ஒரு சமயத்தில்தான்.

இதை நான் மனதுக்குள் வைத்திருக்கலாம். இன்றுவரை யோசிக்கிறேன், வைத்திருக்கலாமா என்று. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"மாதையன், இந்த விரிசல் தரையில் வந்தது இல்லை. நீங்கள் மேலே போயிருக்கிறீர்கள்."

அவர் தரையைப் பார்த்தார். கோகிலா நுணுக்கிய சாக்பீஸ் மாவு கையில் அப்படியே இருக்க, கணவரைப் பார்த்தார்.

"போனீங்களா?"

கோகிலா ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"எத்தன தடவ?"

"பதினோரு தடவ" என்றார் மாதையன். "கொஞ்ச ஒயரந்தான் கோகிலா. தென்ன மர ஒயரம். அப்பறம் கொஞ்சம் மேல."

"தனியாவா?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் தீபிகா, "அப்பாவ ஒண்ணும் சொல்லாதம்மா. நாந்தான் கேட்டேன்" என்றாள். "நாலு தடவ. நீ ஸ்கூலுக்குப் போனப்ப."

நான் அந்த இடது இருக்கையைப் பார்த்தேன், வலது இருக்கையைப் பார்த்தேன், அந்தக் கோட்டைப் பார்த்தேன். பதினோரு முறை. பன்னிரண்டாவதோ பதிமூன்றாவதோ போதும். எத்தனை முறை தாங்கும் என்று நான் கணக்குப் போட விரும்பவில்லை. இரும்பு ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது.

கோகிலா கத்துவார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகை மூலைக்குப் போனார். சாமான்களுக்கு நடுவே தேடி ஆக்ஸா பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மேடம், இத எங்க அறுத்தா மறுபடியும் சேக்க முடியாது?"

பதறிவிட்டேன். இதைச் சரிசெய்யலாம், இந்தக் காதையும் காலையும் மாற்றினால் போதும், பேர் வெட்டாத இரும்பு போட்டால் போதும், இவ்வளவு நல்ல வேலைப்பாட்டை யாரும் அறுக்கமாட்டார்கள் என்று ஏதேதோ சொன்னேன். எல்லாம் உண்மைதான்.

"சரி பண்ணலாம்னு நீங்க சொன்னா அவரு சரி பண்ணிடுவாருங்க" என்றார் கோகிலா. குரல் உயரவே இல்லை. "அதனாலதான் கேக்கறேன்."

தீபிகா அழ ஆரம்பித்தாள். மாதையன் விமானத்தின் இடது காலருகே குந்திக்கொண்டார். இந்தக் கையால் எத்தனையோ விமானங்களைப் பறக்க விட்டிருக்கிறேன். ஒன்றையும் அறுத்ததில்லை, அறுக்க இடம் காட்டியதும் இல்லை. என் முன்னால் நின்ற பெண்ணின் கண்ணில், நான்கு முறை பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் என்ன நடந்தது என்பது ஓடிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டி, சாய்வுக் குழாயின் நடுவைக் காட்டினேன்.

கோகிலா பிளேடை அங்கே வைத்தார். அறுத்துப் பழக்கமில்லாத கை. பிளேடு வழுக்கியது. மறுபடி வைத்தார்.

"அங்க வேணாம் கோகிலா" என்றார் மாதையன்.

எழுந்து வந்தார். தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்து நான் நடுவில் போனேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய், இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் பேனாக்கத்தியால் துணியைக் கிழித்தார். உள்ளே கையைவிட்டு ஒரு தடித்த குழாயைத் தட்டிக் காட்டினார்.

"அந்தச் சாய்வுக் கொழா இரும்பு. அங்க அறுத்தா ஒரே நாள்ல பத்த வெச்சிடுவேன். எனக்கே என்மேல நம்பிக்க இல்ல. இது அலுமினியம், ஒரே நீளம். இத பத்த வெக்க எனக்குத் தெரியாது. இங்க அறு."

கோகிலா பிளேடை எடுத்து அந்தக் குழாயில் வைத்தார். பிறகு அறுக்க ஆரம்பித்தார். நாலு இழுப்பு போனதும் இறக்கை கனத்தில் குழாய் அமுங்கி, பிளேடு சிக்கிக்கொண்டது. மாதையன் இறக்கைக்கு அடியில் போய்க் குனிந்தார். பிளேடு சிக்காமல் ஓட, இறக்கையைத் தன் தோளில் வாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.